எண்ணுக்கு ஒரு செய்தி

தமிழிலே எண்ணுதல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று தொகை கூட்டிச் செல்வதும் எண்ணுதலே. ஒன்றைப் பற்றி மனத்தால் ஆராய்வதும் எண்ணுதலே. இவ்விரண்டு செயல்களும் ஒருங்கே நிகழும்படி அமைந்த ஒரு விளையாட்டைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

விளையாட்டு மிக எளியது. அதற்குப் பலகை வேண்டா, காய் வேண்டா, செலவும் வேண்டா. வீட்டில் நாலு பேர் கூடியிருந்தாற் போதும். ஒருவர் 'ஒன்று' என்று தொடங்கி, ஒன்று என்னும் எண்ணைப் பற்றி ஏதேனும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அடுத்தவர் 'இரண்டு' என்று சொல்லி, இரண்டைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். இவ்வாறே முறை சுற்றிச் செல்லும். எந்த எண்ணையும் தாண்டிப் போகலாகாது. சொன்ன செய்தியைத் திருப்பிச் சொல்லலாகாது. செய்தி உண்மையாக இருத்தல் வேண்டும். விதிகள் இவ்வளவே.

தமிழ் மக்களுக்குத் தொடக்கம் கடினமாக இராது. நம் முன்னோர் எண்ணோடு பொருளைச் சேர்த்தே நினைவில் வைத்தவர்கள். முக்கனி, நாற்றிசை, ஐம்பூதம், அறுசுவை, ஏழிசை, எண்டிசை, நவதானியம் என்று பத்து வரையில் சிறுவரும் தடையின்றிச் சொல்வர். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, புறநானூறு என்று நூல்களுக்கே எண்ணாற் பெயரிட்ட மரபு நம்முடையது. அறுபத்து மூன்று என்றால் நாயன்மாரும், நூற்று முப்பத்து மூன்று என்றால் திருக்குறளின் அதிகாரங்களும் உடனே நினைவுக்கு வரும்.

ஆட்டம் ஆயிரத்தைக் கடந்ததும் எண்கள் ஆண்டுகளாக மாறிவிடும். 1658 என்றால் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்த ஆண்டு. 1815 என்றால் கண்டி ஒப்பந்தம். 1931 என்றால் இந்நாட்டில் வயது வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்த ஆண்டு. 1948 என்றால் சுதந்திரம். இவ்வாறு எண்ணிக்கொண்டே போனால், தேச சரித்திரத்தின் பெரும் பகுதியைக் கட்டிலிற் சாய்ந்தபடியே ஓதி முடித்துவிடலாம்.

பொழுது போக்குதற்கு இது நல்ல வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விளையாட்டைப் பொழுதுபோக்கு என்ற அளவிலே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எண்ணைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகளெல்லாம் ஒரே தரத்தன அல்ல. சில செய்திகள் எண்ணின் இயல்பிலேயே பிறந்தவை. சில, நாம் எண்ணை எழுதுகின்ற முறையிலே பிறந்தவை. வேறு சில, மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டிலே பிறந்தவை. இம்மூன்றையும் பிரித்தறியாதவர்கள், உடன்பாட்டை இயற்கையென்று மயங்குவர், எழுத்தின் வித்தையைத் தெய்வச் செயல் என்று வியப்பர். இன்று செய்திகள் காற்றினும் கடுகிப் பரவுகின்றன. அவற்றுள் எண்ணைக் காட்டிச் சொல்லப்படுவனவற்றை நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம். ஆதலால் இப்பிரிவை அறிந்துகொள்வது வீண்வேலை அன்று.

முதலில் எண்ணின் இயல்பிலே பிறந்த செய்திகளை நோக்குவோம்.

ஆறு என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறை மிச்சமின்றி வகுக்கக்கூடிய சிறிய எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று. இவற்றைக் கூட்டினால் மீண்டும் ஆறே வரும். இவ்வாறு தன் வகுத்திகளின் கூட்டுத்தொகை தானேயாக நிற்கும் எண்ணை நிறைவெண் என்பர். அடுத்த நிறைவெண் இருபத்தெட்டு. ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினான்கு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள், இருபத்தெட்டு வரும். அதற்கடுத்தது 496, பின்னர் 8128.

இவற்றைக் கண்டுபிடிக்கும் வழியைக் கிறித்துவுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே யூக்கிளிட் என்னும் கிரேக்க அறிஞர் எழுதி வைத்தார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய், அவற்றைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை முதன்மை எண்ணாக, அதாவது தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் வகுபடாத எண்ணாக, அமையும் இடத்தில் நிற்க வேண்டும். அத்தொகையைக் கடைசியாகக் கூட்டிய எண்ணாற் பெருக்க வேண்டும். ஒன்றும் இரண்டும் மூன்று, மூன்றை இரண்டாற் பெருக்க ஆறு. ஒன்றும் இரண்டும் நான்கும் ஏழு, ஏழை நான்காற் பெருக்க இருபத்தெட்டு. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் இவ்வழியே வழியாக உள்ளது. 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அறிவிக்கப்பட்ட ஒரு பெரிய முதன்மை எண்ணோடு, அறியப்பட்ட நிறைவெண்களின் தொகை ஐம்பத்திரண்டாயிற்று. அந்த முதன்மை எண்ணை எழுதுவதற்கே நாலு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். கண்ட நிறைவெண்கள் யாவும் இரட்டை எண்களே. ஒற்றை நிறைவெண் ஒன்று உண்டா என்ற வினாவுக்கு இன்றுவரை விடை இல்லை.

ஆறு நிறைவெண் என்ற செய்தி தமிழருக்கும் உண்மை, கிரேக்கருக்கும் உண்மை. எண்ணெழுத்தே அறியாத ஒருவர் ஆறு கூழாங்கற்களைத் தரையிலே பரப்பி அடுக்கிப் பார்த்தாலும் அதே உண்மையைக் காண்பார்.

அறுபதையும் இவ்வகையிற் சொல்லலாம். ஒன்று முதல் ஆறு வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் எண்களிலே மிகச் சிறியது அறுபது. அதற்கு மொத்தம் பன்னிரண்டு வகுத்திகள் உண்டு. பாதி, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று என்று எப்படிப் பங்கிட்டாலும் பின்னம் வாராது. பழைய பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு கணக்கு வைத்தனர். நம் கடிகாரத்தில் ஒரு மணிக்கு அறுபது நிமிடம் வந்தது அவ்வழியாகவே. நம் முன்னோரும் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பிரித்தனர். பங்கிடுதற்கு இசைந்த எண் பல நாட்டாருக்கும் உதவியது.

எண்ணின் இயல்பைப் பற்றிப் பேசுகையில் இராமானுசனை மறத்தல் இயலாது. ஈரோட்டிலே 1887 இற் பிறந்து, கும்பகோணத்திலே வளர்ந்து, கேம்பிரிட்ஜுக்குச் சென்று, முப்பத்திரண்டு வயதிலே மறைந்த அக்கணித மேதை, இலண்டனை அடுத்த பட்னி என்னும் இடத்தில் நோயுற்றுக் கிடந்தார். அவரைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை மோட்டார் வண்டியின் இலக்கம் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றிற்று என்றும் சொன்னார். இராமானுசன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய எண்களிலே மிகச் சிறியது அதுவே என்றார். பன்னிரண்டின் கனம் 1728, அதனோடு ஒன்றின் கனமாகிய ஒன்றைக் கூட்டினால் 1729. பத்தின் கனம் 1000, ஒன்பதின் கனம் 729, இவற்றைக் கூட்டினாலும் 1729. நோய்ப் படுக்கையிலே கிடந்த ஒருவர், கதவைத் திறந்து வந்த எண்ணைப் பழைய நண்பனைக் கண்டாற்போல அடையாளம் கண்டுகொண்டார். நாம் கூறிய விளையாட்டை அவரைப் போல ஆடியவர் வேறொருவர் இலர் எனலாம்.

இனி, இரண்டாம் வகைக்கு வருவோம். எழுதும் முறையிலே பிறக்கின்ற செய்திகள் இவை. கேட்போரை வியப்பிலாழ்த்துவன பெரும்பாலும் இவையே.

142857 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதை இரண்டாற் பெருக்கினால் 285714. மூன்றாற் பெருக்கினால் 428571. நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றாற் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்களே இடம் மாறிச் சுற்றி வரும். ஏழாற் பெருக்கினால் ஆறு ஒன்பதுகள் வரிசையாக நிற்கும். இதைக் கண்டு மந்திர எண் என்று சொல்வோர் உண்டு. உண்மையில் இது ஒன்றை ஏழால் வகுக்கும்போது தசமத்தில் மீண்டும் மீண்டும் வரும் தொடரேயாகும். நாம் பத்தை அடியாகக் கொண்டு எண்ணுவதாலேயே இந்த ஆறு இலக்கங்கள் இவ்வாறு சுழல்கின்றன. பத்தை நாம் அடியாகக் கொண்டது ஏன்? கைகளில் விரல்கள் பத்து என்பதனால். மனிதனுக்கு எட்டு விரல்கள் இருந்திருப்பின் இந்த எண்ணுக்கு இந்தப் புகழ் வந்திராது. ஒரு தொகையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்கு வருமாயின் அத்தொகை ஒன்பதால் வகுபடும் என்று பள்ளியிலே கற்றோமல்லவா? எட்டு விரலர் உலகில் அச்சிறப்பு ஏழுக்குச் சென்றிருக்கும்.

இவ்வகையிலே மிக அழகானதொன்றை நமக்கு அளித்தவர் மராட்டிய நாட்டிலே தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராயிருந்த காப்ரேக்கர். அவர் 1905 முதல் 1986 வரை வாழ்ந்தவர். அவர் கண்டது இது. நான்கு இலக்கங்கொண்ட ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாயிருக்கலாகாது. அவ்விலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி ஓர் எண்ணும், சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி ஓர் எண்ணும் ஆக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையை மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். ஏழு முறைக்கு மிகாமல் 6174 என்ற எண்ணிலே வந்து நிற்பீர்கள். அதன்பின் எத்தனை முறை கழித்தாலும் அந்த எண்ணை விட்டு அகல முடியாது.

ஆண்டுகளைக் கொண்டு இதை ஆடிப் பார்க்கலாம். 1948 ஐ எடுங்கள். பெரியதாக அடுக்க 9841, சிறியதாக அடுக்க 1489. கழிக்க 8352. மீண்டும் அடுக்கினால் 8532, 2358. கழிக்க 6174. இரண்டே அடிகளில் வந்துவிட்டோம். 1956 ஐ எடுத்தால் மூன்று அடிகள் வேண்டும். உங்கள் பிறந்த ஆண்டு எத்தனை அடி தொலைவில் உள்ளது என்று பிள்ளைகளைக் கொண்டு கணிக்கச் செய்யுங்கள். கழித்தற் கணக்கிலே வெறுப்புக் கொண்ட பிள்ளையும் இதற்காகப் பத்து முறை கழித்துப் பார்க்கும்.

ஆனால் 1948 ஐப் பழந்தமிழ் முறையில் எழுதினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரத்துக்கு ஓர் அடையாளம், ஒன்பதுக்கு ஓர் அடையாளம், நூறுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என ஆறு அடையாளங்கள் வரிசையாக நிற்கும். ௲௯௱௪௰௮ என்பது அதன் வடிவம். நான்கு இலக்கம் என்ற பேச்சே அங்கு இல்லை. காப்ரேக்கரின் விளையாட்டை அங்கே ஆடவும் இயலாது. ஆண்டு மாறவில்லை, அதன் அளவும் மாறவில்லை. எழுத்து மாறியதும் வித்தை மறைந்துவிட்டது. ஆதலால் இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது வியக்கலாம், மகிழலாம். ஆனால் அவற்றிலிருந்து எவருடைய தலையெழுத்தையும் படிக்க முயலலாகாது.

மூன்றாவது வகை, மனிதர் உடன்பாட்டிலே பிறந்த செய்திகள். ஆண்டுகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இவ்வகையினவே. இங்கேதான் கவனம் மிகுதியும் வேண்டப்படுகின்றது.

சோழ மன்னரின் கல்வெட்டுகளில் ஆண்டு எவ்வாறு குறிக்கப்பட்டது என்று நோக்குங்கள். இன்ன மன்னருக்கு ஆண்டு இத்தனையாவது என்று இருக்கும். மன்னர் மாறினால் எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பஞ்சாங்கத்திலோ ஆண்டுகளுக்கு எண்ணின்றிப் பெயரே உண்டு. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்கள் சுழன்று வரும். வியாழன் வான வட்டத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டும், சனி ஏறக்குறைய முப்பது ஆண்டும் ஆகும். இவ்விரண்டும் பழைய நிலைக்கு ஒருங்கே திரும்ப அறுபது ஆண்டுகள் ஆகும். அழகான முறைதான். எனினும் ஒரு பழைய உறுதியிலே 'குரோதி வருடம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1904 ஆகலாம், 1964 ஆகலாம், 2024 உம் ஆகலாம். பாட்டன் எழுதியதா, பேரன் எழுதியதா என்று தாளின் பழமையைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். ஆதலாலே அறிந்தோர், வருடப் பெயரோடு சகாப்தம் அல்லது கலியுக எண்ணையும் சேர்த்தெழுதினர்.

கிறித்தவ ஆண்டு முறையும் வானத்திலிருந்து இறங்கியதன்று. கி. பி. 525 இல் உரோமாபுரியில் இருந்த தியோனீசியசு என்னும் துறவி, இயேசுவின் பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் வழக்கத்தைத் தொடக்கி வைத்தார். பூச்சியம் என்னும் இலக்கம் ஐரோப்பியர் கைக்கு வந்திராத காலம் அது. ஆதலால் கி. மு. 1 ஐ அடுத்து நேரே கி. பி. 1 வருகின்றது. நடுவே பூச்சிய ஆண்டு இல்லை. கி. மு. 5 இற் பிறந்த ஒருவருக்குக் கி. பி. 5 இல் எத்தனை வயது? ஐந்தும் ஐந்தும் பத்து என்று சொல்லத் தோன்றும். சரியான விடை ஒன்பது. இதே காரணத்தால் இருபதாம் நூற்றாண்டு 1999 உடன் முடியவில்லை, 2000 ஆம் ஆண்டின் டிசம்பர் முப்பத்தோராம் நாளிலேதான் முடிந்தது. உலகமோ ஓராண்டு முந்தியே வாண வேடிக்கை நடத்தி முடித்துவிட்டது.

ஒன்றிலிருந்து எண்ணுவதா, நிறைந்த பின் எண்ணுவதா என்ற இவ்வேறுபாடு நம் நாட்டுக்கும் அயலதன்று. புத்தர் பரிநிருவாணமடைந்த இரண்டாயிரத்து ஐந்நூறாம் ஆண்டு விழாவை இலங்கை 1956 ஆம் ஆண்டிற் பெருஞ் சிறப்போடு கொண்டாடியது. பர்மாவும் அவ்வாறே கொண்டாடியது. தாய்லாந்து அதே இரண்டாயிரத்து ஐந்நூறை 1957 இற் கொண்டாடியது. இரு நாட்டாரும் ஒரே மரபைப் பின்பற்றுபவர்கள். ஒரு சாரார் நடக்கின்ற ஆண்டை எண்ணினர், மற்றச் சாரார் நிறைந்த ஆண்டை எண்ணினர். யார் பிழை செய்தார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை என்பதே விடை. குழந்தை பிறந்ததும் 'முதலாம் வயது நடக்கின்றது' என்று கூறும் பாட்டியும், ஓராண்டு நிறைந்த பின் 'வயது ஒன்று' என்று கூறும் தாயும் ஒரே குழந்தையைப் பற்றியே பேசுகின்றனர்.

ஆண்டின் எண்ணிலே மட்டுமன்றி நாளின் எண்ணிலும் இத்தகைய உடன்பாடுகள் உண்டு. யூலியசு சீசர் வகுத்த பழைய நாட்காட்டி ஆண்டுக்கு 365 நாளும் கால் நாளும் கொண்டது. சூரியனின் கணக்கோ அதனினும் பதினொரு நிமிடமளவு குறைவு. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்நிமிடங்கள் திரண்டு பத்து நாட்களாயின. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி 1582 இல் அதனைத் திருத்தினார். அவ்வாண்டு ஒக்டோபர் நான்காம் தேதிக்கு அடுத்த நாள் ஒக்டோபர் பதினைந்தாயிற்று. நூறால் வகுபடும் ஆண்டுகளுள் நானூறாலும் வகுபடுவனவே நெட்டாண்டு, அதாவது லீப் வருடம், என்ற விதியும் வந்தது. அதனாலே 1900 நெட்டாண்டு அன்று. 2000 நெட்டாண்டு. 2100 நெட்டாண்டாகாது.

எல்லா நாட்டாரும் இதனை உடனே ஏற்றாரல்லர். பிரித்தானியர் 1752 வரையிற் காத்திருந்து பதினொரு நாட்களைத் தள்ளினர். அவ்வாண்டு செப்டெம்பர் இரண்டுக்கு அடுத்த நாள் பதினான்கு. இரசியா 1918 இலேதான் மாறியது. அதனாலே இரசியாவின் ஒக்டோபர்ப் புரட்சி, நம் நாட்காட்டியின்படி நவம்பர் ஏழாம் நாளில் நிகழ்ந்தது. சுவீடன் நாட்டார் பாதி மாறிப் பாதி மாறாது தடுமாறி, பழைய முறைக்கே திரும்ப வேண்டி 1712 இல் ஒரு மேலதிக நாளைச் சேர்த்தனர். அந்நாட்டிலே அவ்வாண்டு மட்டும் பெப்ரவரி முப்பது என்று ஒரு நாள் இருந்தது.

இப்பொழுது ஒரு புகழ்பெற்ற செய்தியை ஆராய்வோம். 1642 என்ற ஆண்டு வந்ததும் பலர் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூற்றன் பிறந்தார் என்பதே அது. ஒரு ஞாயிறு மறைய மற்றொரு ஞாயிறு எழுந்தது போல இது கேட்பதற்கு இனிமையாக உள்ளது. நூல்களிலும் இவ்வாறே காணப்படுகின்றது. ஆனால் கலிலியோ மறைந்தது இத்தாலியில், புதிய நாட்காட்டியின்படி 1642 ஜனவரி 8. நியூற்றன் பிறந்தது இங்கிலாந்தில், பழைய நாட்காட்டியின்படி 1642 டிசம்பர் 25. இரண்டையும் ஒரே கோலால் அளந்து பாருங்கள். புதிய நாட்காட்டியில் நியூற்றனின் பிறப்பு 1643 ஜனவரி 4 ஆகின்றது. பழைய நாட்காட்டியிலோ கலிலியோவின் மறைவு 1641 டிசம்பர் 29 ஆகின்றது. எந்த ஒரு கோலைக் கொண்டு அளந்தாலும் இருவரும் ஓராண்டிற் சேரவில்லை. இரண்டு கோல்களைக் கலந்து பிடித்தபோதே அச்செய்தி பிறந்தது. சொன்னவர் எவரும் பொய் சொல்லவில்லை, இரண்டு தேதியும் ஏட்டில் உள்ளனவே. எந்தக் கணக்கின்படி என்று கேட்காமல் விட்டதுதான் குறை.

நேயர்களே, இவ்வொரு கேள்வி எவ்வளவு வலியது என்று பாருங்கள். எந்த மன்னர் முந்தியவர், எந்த ஊர் பழையது, எந்த நூல் முதலில் தோன்றியது என்று எழும் வழக்குகளிலே, உரத்துப் பேசுவதற்கு முன் ஒருமுறை 'எந்தக் கணக்கின்படி?' என்று இருசாராரும் கேட்டுக்கொள்வார்களாயின், பாதிச் சண்டை அங்கேயே தணிந்துவிடும். மீதிப் பாதியையாவது சான்றோடு பேசலாம்.

ஆட்டத்திற் பதின்மூன்று வரும்போது ஐரோப்பியரின் அச்சத்தை யாராவது கூறாதிரார். வெள்ளிக்கிழமையும் பதின்மூன்றாந் தேதியும் சேர்ந்தால் தீது என்பது அவர்களிடையே வழங்கும் நம்பிக்கை. இதனைப் பற்றிக் கணக்கு என்ன சொல்கின்றது? கிரகோரி நாட்காட்டி நானூறு ஆண்டுக்கு ஒருமுறை தன்னையே திருப்பிக்கொள்வது. அந்த நானூறு ஆண்டில் உள்ள நாட்கள் 146097. அவை மிச்சமின்றி 20871 வாரங்களாகும். அக்காலத்தில் வரும் 4800 பதின்மூன்றாந் தேதிகளிலே வெள்ளிக்கிழமையில் விழுவன 688. வேறெந்தக் கிழமைக்கும் அத்தனை இல்லை. வியாழனுக்கும் சனிக்கும் 684 மட்டுமே. அஞ்சுவோர் அஞ்சும் நாளே மற்ற நாட்களை விட அடிக்கடி வருகின்றது! எனினும் வேறுபாடு நானூறு ஆண்டில் நாலு நாள். நாட்காட்டியை வகுத்தோர் நெட்டாண்டை வேறுவிதமாக வைத்திருப்பின் இதுவும் மாறியிருக்கும். இதிலே அஞ்சுதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் உடன்பாடுதானே என்று எல்லாவற்றையும் எளிதாக எண்ணிவிடவும் கூடாது. உடன்பாட்டை மறந்தால் உண்மையான இடர் வந்து சேரும். கணினிகள் தோன்றிய காலத்தில் இடத்தைச் சுருக்குதற்காக ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பதிந்து வந்தனர். 1965 க்கு 65 என்று எழுதினர். 2000 ஆம் ஆண்டு நெருங்கியபோது 00 என்பதை இயந்திரம் 1900 என்று கொண்டுவிடுமே என்ற கவலை உலகெங்கும் எழுந்தது. பெரும்பொருள் செலவிட்டுத் திருத்தங்கள் செய்தனர். திருத்தியதாலேயே பெருந்துன்பம் நேரவில்லை. இரண்டு இலக்கம் போதும் என்று முன்னோர் செய்த உடன்பாட்டைப் பின்னோர் ஆராயாது வைத்திருந்ததன் விலை அது.

அதைப் போன்ற இன்னொன்று நம்முன் உள்ளது. பல கணினிகள் 1970 ஜனவரி முதலாம் நாளிலிருந்து நொடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. பழைய அமைப்புகள் அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் 2147483647 வரைதான் கொள்ளும். கிரீனிச்சு நேரத்தையொத்த உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை மூன்று மணி பதினான்கு நிமிடம் ஏழாம் நொடியில் அவ்வெண் நிறைந்துவிடும். இலங்கையின் இன்றைய நேரக் கணக்கிலே அது காலை எட்டு மணி நாற்பத்து நான்கு நிமிடம். அதற்குள் மாற்றப்படாதிருக்கும் இயந்திரங்கள் அடுத்த நொடியில் 1901 ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிப் பாயும். பல அமைப்புகள் ஏற்கெனவே விரிவாக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றைத் தேடித் திருத்துவது இன்றைய மாணவரின் கடமை.

அந்த 2147483647 என்ற எண் இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. அது ஒரு முதன்மை எண் என்பதை ஒயிலர் என்னும் கணித மேதை 1772 இல் நிறுவினார். கணினி என்பதன் நிழலும் விழாத காலம் அது. யாருக்கும் பயன்படாது போலத் தோன்றிய ஓர் எண் இருநூறு ஆண்டின் பின் உலகத்தின் கடிகாரத்தில் வந்து அமர்ந்துகொண்டது. ஒயிலர் கூறியது எண்ணின் இயல்பு, அது என்றும் மாறாது. கடிகாரத்தின் இடர் மனிதர் செய்த உடன்பாட்டால் வந்தது, அதை மனிதரே மாற்றலாம்.

மூன்று வகையும் ஓர் எண்ணிலே கூடி நிற்பதையும் காணலாம். 2025 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது நாற்பத்தைந்தின் வர்க்கம். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களின் கனங்களை எல்லாம் கூட்டினாலும் 2025 வரும். இவை எண்ணின் இயல்பு. அதை 20, 25 என்று இரண்டாகப் பிளந்து கூட்டினால் நாற்பத்தைந்து, அதன் வர்க்கம் மீண்டும் 2025. இது பத்தை அடியாகக் கொண்டு எழுதியதால் வந்த வித்தை. 2025 என்று ஓர் ஆண்டு நடந்தது, அதற்கு முந்திய வர்க்க ஆண்டு 1936, பிந்தியது 2116 என்பன தியோனீசியசின் கணக்கை உலகம் ஏற்றுக்கொண்டதால் உண்மையாயின. அதே காலம் பஞ்சாங்கத்திலே விசுவாவசு என்ற பெயரோடு நடந்தது. வர்க்கமும் இல்லை, கனமும் இல்லை.

ஆதலால் நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் இந்த ஆட்டம் தொடங்குமாயின், முன் சொன்ன விதிகளோடு இன்னும் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். ஒருவர் ஒரு செய்தி சொன்னதும், அடுத்தவர் தம் எண்ணைச் சொல்வதற்கு முன், 'இச்செய்தி எண்ணைப் பற்றியதா, எழுத்தைப் பற்றியதா, நம் உடன்பாட்டைப் பற்றியதா?' என்று கூற வேண்டும். கூற இயலாவிடின் எல்லோரும் சேர்ந்து ஆராய வேண்டும். சிறு பிள்ளைகள் சில வேளை பெரியவர்களை மடக்கிவிடுவர். மடக்கட்டும். பாட்டனைத் தேதிக் கணக்கில் மடக்கிய பேரன், நாளை செய்தித்தாளில் வரும் புள்ளிவிவரத்தையும் அவ்வாறே நின்று நிதானித்துக் கேட்பான்.

ஆட்டம் எப்பொழுது முடியும் என்று சிலர் வினவக்கூடும். சிறப்பொன்றும் இல்லாத எண் வந்ததும் முடியும் என்று சொல்லலாம். ஆனால் அவ்வாறான எண்களிலே முதலாவது எது என்று கேட்டால், 'சிறப்பில்லாதவற்றுள் மிகச் சிறியது' என்ற சிறப்பு அதற்கு உடனே வந்து சேர்ந்துவிடுகின்றதே! கணிதப் புலவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி நகையாடும் புதிர் இது. ஆதலால் எண்கள் தீர்ந்துபோம் என்ற அச்சம் வேண்டா. உறக்கம் வரும் வரையில் ஆடுங்கள். நிறுத்திய எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மறுநாள் அதற்கடுத்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.